ஈரலில் கட்டி என்றால்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூதூரிலிருக்கும் என் அக்காவுக்குப் பித்தப்பைக் கல் பார்க்க எடுத்த ஸ்கானில், "ஈரலில் 4 சென்டிமீட்டர் கட்டி" என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்தார்கள். புற்றுநோய் என்றே வீடு முடிவுகட்டியது. கோணேசருக்கு நேர்த்தி வேறு. இரவு பஸ்ஸில் கொழும்பு போய் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை நரம்பில் ஏற்றியதும் கட்டி முழுவதும் படத்தில் சட்டென ஒளிர்ந்தது. நடுவிலிருந்த நட்சத்திரத் தழும்பு மட்டும் பிந்தியே வெளுத்தது. ஃபோகல் நொடுலர் ஹைப்பர்பிளேசியாவாம், அதாவது ஈரலின் சொந்தக் கலங்களே ஓரிடத்தில் திரண்டு வளர்வது, ஆபத்தில்லாதது. வெட்டவும் தேவையில்லை, ஊசி குத்திச் சதை எடுக்கவும் தேவையில்லை. கொழுப்புக் குறைந்த ஆஞ்சியோமயோலிபோமா (இரத்தக்குழாய், தசை, கொழுப்பு கலந்த கட்டி) போன்ற அரிய கட்டிகளில்தான் படம் சிலவேளை ஏமாற்றும் என்றார் வைத்தியர். முதல் அறிக்கையிலேயே "மருந்தேற்றி மறுபடி பார்க்கவும்" என்று இன்னொரு வரி சேர்த்திருக்கக் கூடாதா?

வாசகி,
திருகோணமலை