மேல்மாடி வீட்டுக்குக் குடிபோன மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கும் ஃபேனிலிருந்து அனல்தான் இறங்குகிறது, தூக்கமே பிடிக்கவில்லை என்றாய். ஏசி வாங்கிவிடலாமா என்று கேட்டாய். வாங்கலாம் தாயி, நான் தடை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை சில இருக்கிறது. அதைச் செய்யாமல் மாட்டினால், பாதி கரண்ட் உன் தலைக்கு மேலிருக்கிற தளத்தைக் குளிர்விக்கத்தான் போகும்.

உன் வீடு கடைசி மாடி. அங்கே வெயிலின் பெரும்பங்கு மேலேயிருந்துதான் இறங்கும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நடுவில் உள்ள மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகாது. காங்கிரீட் தளம் பகல் முழுக்க அந்தச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு மெதுவாக வீட்டுக்குள் விடும். நீ ஆபீஸ் விட்டு வந்து படுக்கிற நேரமும் அதுவும் ஒன்றாக அமைந்துவிடுகிறது.

நான் கட்டட வேலை பழகிய காலத்தில் தளம் போட்டதோடு கொத்தனார் இறங்கிவிட மாட்டார். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். நாள் கணக்கில் தட்டுவார்கள். அது இறுகிய பிறகுதான் தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதிப்பது. அந்த மேல்தளம் மழையையும் தடுத்தது, வெயிலையும் தடுத்தது. இப்போது பல இடங்களில் சிமென்டைப் பூசிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். உன் மாடியை வீடியோவில் காட்டினாயே, கருத்துப்போன சிமென்ட் தரை. அது ஒன்றே போதும், உன் தூக்கம் கெட.

அதற்குச் சுலபமான மருந்து வெள்ளை அடிப்பது. கூல் ரூஃப் பெயின்ட் என்று கடையில் விற்கிறார்கள், நல்லதுதான், விலைதான் கூட. எனக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பின் மேல்தான் நம்பிக்கை. முதல் நாளே டிரம்மில் ஊறவைக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் அது கொதிக்கும், எட்ட நின்று பார், கண்ணில் தெறித்துவிடக் கூடாது. மறுநாள் துணியில் வடிகட்டி, வெள்ளையடிக்கிறவர்கள் சேர்க்கிற ஃபெவிகாலைக் கலந்துகொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் காலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மாடியைத் தேய்த்துக் கழுவி, பாசியைச் சுரண்டி, வெயில் ஏறுமுன் முதல் பூச்சு. அது காய்ந்ததும் குறுக்காட்டில் இரண்டாவது பூச்சு. பிறகு மத்தியானத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நின்று பார், வித்தியாசம் காலிலேயே தெரியும். ஐப்பசி கார்த்திகை மழையில் கொஞ்சம் கரையும், அதனால் வருஷம் ஒருதரம் மாசி பங்குனியில் அடித்துவிட வேண்டும்.

மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. வீட்டுக்காரரிடமும் அசோசியேஷனிலும் கேட்காமல் கை வைக்காதே. உன் தளத்தில் இருக்கிற மற்ற வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொள், அவர்களும் இதே புழுக்கத்தில்தான் படுத்திருப்பார்கள்.

அடுத்தது படுக்கையறையின் மேற்கு ஜன்னல். சன்ஷேட் இருக்கிறதே என்றாய். அது தலைக்கு மேல் வருகிற வெயிலைத் தடுக்கும். நாலு மணி வெயில் சாய்ந்து நேராக உள்ளே வரும், சன்ஷேட் என்ன செய்யும்? திரைச்சீலை போட்டாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது, சூடு அறைக்குள்ளேதான் தங்கும். அதனால் மறைப்பு வெளியே இருக்க வேண்டும். நர்சரியில் கட்டுவார்களே பச்சை ஷேடு நெட், அதில் 75 சதவீதம் என்று கேட்டு வாங்கி, ஜன்னல் கம்பிக்கு வெளிப்பக்கமாகக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டு. ஆணி வேண்டாம், ஓட்டை வேண்டாம், வீட்டைக் காலி செய்யும்போது அவிழ்த்துக்கொள்ளலாம். மூங்கில் தட்டி என்றால் பார்க்க இன்னும் அழகாக இருக்கும். கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து தள்ளிப் போடு. அந்தச் சுவர் ராத்திரி வெகுநேரம் கதகதப்பாக இருக்கும். பீரோவை வேண்டுமானால் அங்கே வை.

காற்று விஷயத்தில் உனக்கு அதிர்ஷ்டம், நீ இருக்கிற சோழிங்கநல்லூரிலிருந்து கடல் பக்கம்தான். கோடையில் காலையில் மேற்கேயிருந்து வறண்ட காற்று வீசும், மத்தியானவாக்கில் கடற்காற்று உள்ளே வரும். நீ வேலைக்குப் போகும்போது ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் போ. வந்ததும் ஹாலின் கிழக்கு பால்கனிக் கதவையும் படுக்கையறை ஜன்னலையும் சேர்த்துத் திற. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று வராது, போக வழி வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனையும் அரைமணி நேரம் ஓடவிடு. கொசுவுக்குப் பயந்து சாத்தியே வைக்காதே, வெல்க்ரோ வைத்து ஒட்டுகிற வலை இருக்கிறது.

ஏர் கூலர் மட்டும் வாங்கிவிடாதே. நம் விருதுநகரின் வறண்ட வெயிலுக்கு அது சரி. கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

இவ்வளவும் செய்த பிறகும் சித்திரை வைகாசியில் ஏசி தேவைப்பட்டால் வாங்கிக்கொள். 2020க்குப் பிறகு வந்த ஸ்டார் முத்திரை ஏசிகள் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்கும். நீ 26 வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிடு, உடம்புக்கு அது போதும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இப்போது வருகிற பிஎல்டிசி மோட்டார் ஃபேன் அதில் பாதிகூட இழுக்காது, அதையும் யோசி. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள். தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சேர்த்துக் கட்டணம் கூடிவிடும்.

நீ ராத்திரி முழித்துக்கிடந்துவிட்டுக் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஓஎம்ஆரில் போவதை நினைத்தால் எனக்கும் அம்மாவுக்கும் இங்கே தூக்கம் வருவதில்லை. அதனால் தள்ளிப்போடாதே. ஷேடு நெட்டை இந்த ஞாயிற்றுக்கிழமையே கட்டிவிடு. மாடியின் நீள அகலத்தை அளந்து அனுப்பு, சுண்ணாம்பு எவ்வளவு பிடிக்கும் என்று நான் கணக்குப் போட்டு வைக்கிறேன். அசோசியேஷனில் சரி என்று சொல்லிவிட்டால் உடனே போன் செய். முதல் நாள் ராத்திரி பஸ் ஏறி நானே வந்துவிடுகிறேன், மட்டையும் பிரஷ்ஷும் இங்கேயிருந்தே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அப்பா