எய்யா, நீ கேட்ட படக் கணக்கு

எய்யா,

லீவு வருது, இந்த ரெண்டு வருசத்துல வந்ததுல என்ன படம் பாக்கலாம்னு ஒரு லிஸ்ட் போட்டு வாட்ஸப்புல அனுப்பும்மான்னு சொல்லிட்டு நீ பாட்டுக்கு போன வச்சுட்ட. லிஸ்டெல்லாம் எனக்கு வராதுய்யா. பேர மட்டும் எழுதி அனுப்புனா நீ ரேட்டிங் பாத்துட்டு பாதிய தள்ளிருவ, அதான் மொத்தமா ஒக்காந்து எழுதுதேன், டொராண்டோ ட்ரெயின்ல ஒக்காந்து நிதானமா படி.

மொதல்ல பெரிய படங்கள முடிச்சுருதேன், அதுல சொல்ல ரொம்ப ஒண்ணுமில்ல. கூலி படத்துக்கு நான் போகாம இருப்பேனா, ரஜினி நடிக்க வந்து 50 வருசம்லா, 1975 ஆகஸ்ட்ல அபூர்வ ராகங்கள், இது 2025 ஆகஸ்ட் 14. நம்மூர்ல காலைல ஒம்பது மணிக்குத்தான் மொத ஷோ, செங்கோட்டை தாண்டி கேரளாவுல ஆறு மணிக்கே போட்டுட்டாங்க, இது என்ன நியாயம்னு தெரியல, தமிழ்ப்படத்த மொதல்ல பாக்க மலையாளத்துக்காரனா பொறக்கணும் போல. ஏ சர்டிபிகேட் வேற குடுத்துட்டாங்க, கம்பெனிக்காரங்க ஹைகோர்ட் வரைக்கும் போயும் மாறல, பக்கத்து வீட்டு பிள்ளைய ரெண்டும் நானும் வாரேன் ஆச்சின்னு அழுதுட்டு நின்னுச்சுங்க. படம்? பிளாஷ்பேக்குல எளவயசு ரஜினி வாராருல்லா, அந்த கொஞ்ச நேரம் தியேட்டர்ல ஒருத்தர் ஒக்காரல. மோனிகா பாட்டுல பூஜா ஹெக்டேவ விட்டுட்டு எல்லாரும் சௌபின் ஷாஹிரத்தான் பாத்தாங்க. மத்தபடி யாரு யாரை எதுக்கு கொன்னான்னு எனக்கு பிடிபடல, ஒங்கப்பாட்ட கேக்கலாம்னு திரும்புனா அவிய நல்லா தூங்குதாவ.

தக் லைஃப்புக்கு நான் போனதே முத்த மழை பாட்டுக்காகத்தான். மேடைல சின்மயி பாடி ஊரே அத கேட்டுட்டு கெடந்துச்சு, ஆல்பத்துல தீங்கிற பாட்டுக்காரப் பொண்ணு பாடிருந்தா, எது நல்லாருக்குன்னு நம்ம வாட்ஸப் குரூப்புல அடிதடியே நடந்துச்சு, கடைசில படத்துல பாட்டையே காணோம். நாயகன் எடுத்த மணிரத்னமும் கமலும் 38 வருசம் கழிச்சு சேருதாங்கன்னு நான் ஒரு எதிர்பார்ப்புல போனேன். விடு. கங்குவாவ பத்தி கேக்காத, சத்தத்த ரெண்டு பாயிண்ட் கொறைங்கன்னு தயாரிப்பாளரே தியேட்டர்காரங்ககிட்ட சொல்லுத அளவுக்கு போச்சு, எனக்கு அன்னைக்கு ராத்திரி வரைக்கும் காது ஙொய்னு இருந்துச்சு.

பெரிய படம் அம்புட்டுதான். இப்பல்லாம் தியேட்டர்ல ஒக்காந்தா எனக்கு ஒண்ணுதான் பாக்கத் தோணுது, இந்த படத்துல அம்மாவ என்ன செஞ்சு வச்சிருக்காங்கன்னு. எங்க காலத்துல பண்டரிபாய்ல ஆரம்பிச்சு அம்மான்னா வெள்ளச் சேலை, தையல் மிஷின், இருமல், அந்த தையல் மிஷின ஓட்டியே பிள்ளைய வக்கீலாக்கிருவாங்க. இப்ப தையல் மிஷின் போச்சு, ஆனா அம்மாவுக்கு வேற வேல குடுத்தாங்களான்னு பாத்தா பெரும்பாலும் இல்ல. அப்பாவுக்குத்தான் இப்ப மவுசு. அப்பாவோட கனவு, அப்பாவோட கட, அப்பாவோட வீடு. அம்மா தட்டுல சோறு வைக்கா.

இட்லி கடைய எடுத்துக்கோ. நீ அத பாத்துட்டு போன்ல அழுதன்னு ஒங்கப்பா சொன்னாவ, எனக்கு சிரிப்பாத்தான் வந்துச்சு, கோவிச்சுக்காத. தனுஷ் பேங்காக்ல பெரிய ஹோட்டல் வேலைய விட்டுட்டு ராஜ்கிரண் நடத்துன இட்லி கடைய எடுத்து நடத்துதாரு, சரி, ராஜ்கிரண் எந்த படத்துல வந்தாலும் எனக்கு பிடிக்கும், அதுல கொறை இல்ல. ஆனா இட்லின்னா அரிசி களையணும், உளுந்து ஊறப் போடணும், பதம் பாத்து கரைக்கணும், விடியக்காலம் எந்திரிச்சு துணி போட்டு ஊத்தணும், இதுல பாதி வேல எந்த வீட்டுலயும் யாரு பாக்கான்னு ஒனக்கே தெரியும். அந்த அம்மாவ ஒரு ஓரமா வச்சுட்டு அப்பா போனதும் அவளையும் அனுப்பி வச்சுட்டாங்க. பொறவு கதை முழுக்க அப்பா, அப்பா, அப்பா. நீயும் இதப் பாத்துட்டு வேலைய விட்டுட்டு வாரேன்னு கெளம்பிராதய்யா, நமக்கு கடையும் இல்ல, மாவாட்ட கிரைண்டர் இருக்கு, நீ வந்தா அந்த மாவ திங்க ஒரு ஆளு கூடுதல், அம்புட்டுதான்.

3பிஹெச்கே பாக்கையில எனக்கு வேற நெனப்பு. சரத்குமார், தேவயானி. 1997ல சூர்யவம்சத்துல இதே ரெண்டு பேரும் ஒரே பாட்டுல பணக்காரங்களாகி பஸ் வாங்குனாங்க, தேவயானி கலெக்டரே ஆயிருச்சு. இங்க படம் முழுக்க நாய் படாத பாடு பட்டும் ஒரு வீடு வாங்க முடியல, பாட்டு இருக்கு, ஆனா பாட்டு முடிஞ்சதும் காசு அப்பிடியே இருக்கு. இதத்தான் நான் ஒழுங்கான படம்னு சொல்லுவேன். துட்டு சேரும், உடனே ஒரு பீஸு, ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி. ஒங்கப்பா அதுல சரத்குமாரப் பாத்து கண்ணத் தொடச்சாவ, நான் தேவயானியப் பாத்தேன். அவ மொகத்துல ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கு பாரு, அது எனக்கு நல்லா தெரிஞ்ச கணக்கு. சித்தார்த் மேல ஏத்தி வச்ச பாரத்தப் பாத்தா மட்டும் கோவம் வந்துச்சு, பிள்ளைய படிக்கட்டும் பொழைக்கட்டும்னு விடாம, அப்பா கண்ட கனவ மவன் தலைல தூக்கி வைக்குறத ஏன் எல்லாரும் கை தட்டி பாக்குதாங்கன்னு தெரியல.

டூரிஸ்ட் பேமிலி கண்டிப்பா பாரு, குடும்பத்தோட பாரு. இலங்கைல வெலவாசி தாங்காம போட்ல ஏறி ராமேஸ்வரம் வந்து மெட்ராஸ்ல ஒரு காலனில ஒளிஞ்சு வாழுத குடும்பம். எடுத்த பையனுக்கு ஒன்ன விட வயசு கம்மி. சசிகுமாரத்தான் எல்லாரும் பேசுனாங்க, சின்னவன் முள்ளிய பேசுனாங்க, அவன் பேசுற பேச்சுக்கு தியேட்டரே உருண்டுச்சு, ஆனா சிம்ரன் இருக்காளே! அதுக்கு முந்துன மாசம்தான் குட் பேட் அக்லில தலைய காட்டுனா, அங்க சுல்தானா பாட்டு போட்டு பழைய சிம்ரன ஞாபகப்படுத்துனாங்க. இங்க அவ ரெண்டு பிள்ள பெத்த வசந்தி, பயத்தையும் காட்டிக்கிடாம புருசனையும் பிள்ளையளையும் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கா. ஆட்டம் பாட்டு ஒண்ணும் இல்லாமலேயே கண்ண எடுக்க முடியல. இந்த மாதிரி ஒரு அம்மா பாத்திரத்த எழுத 25 வயசு பயலுக்கு தெரியுது, பெரிய டைரக்டர்களுக்கு தெரியல.

இப்ப கீதா கைலாசத்துக்கு வாரேன், இதுக்குத்தான் இம்புட்டு நேரம் எழுதுனேன். பாலச்சந்தரோட மருமவ, நல்ல வயசுக்கு பொறவுதான் நடிக்க வந்தாவ. நீ மொகத்தப் பாத்தா கண்டுபிடிச்சுருவ, அமரன்ல மவன் பட்டாளத்துக்கு போறது பிடிக்காத அம்மா, லப்பர் பந்துல கெத்துங்கிறவனோட அம்மா, நான் மேல சொன்னேனே அந்த இட்லி கடை அம்மாவும் அவியதான். எங்கயாவது ஒரு அம்மா வேணும்னா இவியளக் கூப்புடுங்கன்னு ஆயிப்போச்சு, எல்லாத்துலயும் மவனுக்கு பின்னாடி நிக்க வேண்டியது. 2025 டிசம்பர்ல அங்கம்மாள்னு ஒரு படம் வந்துச்சு. அதுல அவியதான் கதை. பெருமாள்முருகன் எழுதுன கோடித்துணிங்கிற கதைய எடுத்து நம்ம பக்கத்து பேச்சுல மாத்தி எடுத்திருக்காங்க.

கதை இம்புட்டுதான், ரவிக்கை போடாத ஒரு கிராமத்து பொம்பள, சின்ன மவன் டாக்டருக்கு படிச்சுட்டு வாரான், அவனுக்கு வசதியான வீட்டுப் பொண்ணு மேல ஆச, பொண்ணு வீட்டாளுக வரப்போறாங்க, அம்மாவ ரவிக்கை போட வைக்கணும். அவ மாட்டேங்கா. அந்த பொம்பள நல்லவளும் இல்ல பாத்துக்கோ, மருமவள பாடாப் படுத்துவா, வாய தொறந்தா அம்புட்டும் ஏச்சு, பொகையும் பிடிப்பா, ஒரு எடத்துலயும் தியாகம் பண்ணல. நாம அவ மேல எரக்கப்படணும்னு படம் கெஞ்சவே இல்ல. மவன் கெட்டவனும் இல்ல, அதான் எனக்கு உறுத்துச்சு, அவன் அம்மா மேல பாசமாத்தான் இருக்கான், பாசத்தோடயேதான் வெக்கப்படுதான்.

எனக்கு உடனே ஒங்க ஆச்சி ஞாபகம், ஒங்கப்பாவப் பெத்த ஆச்சி. நீ சின்னப் பிள்ள, காதுல பாம்படம் ஆடுனது மட்டும்தான் ஒனக்கு ஞாபகம் இருக்கும். அவியளும் ரவிக்கை போட்டதில்ல. எங்க கல்யாண போட்டோவுல மட்டும் போட்டிருப்பாவ, எங்க வீட்டு ஆளுங்க மெட்ராஸ்ல இருந்தெல்லாம் வாராங்கன்னு யாரோ தச்சுக் குடுத்து மாட்டி விட்டுட்டாங்க, ஆல்பத்துல பாரு, கைய ஒடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு, புது பூட்ஸ் போட்ட பிள்ள மாதிரி நிப்பாவ. மறுநாளே அத அவுத்து, கரிச்சட்டி எறக்க துணியாக்கிட்டாவ. நான் அப்ப புதுப்பொண்ணு, கேக்க முடியுமா? படம் முடிஞ்சு வெளிய வந்து ஒங்கப்பாட்ட கேட்டேன், ஆச்சிக்கு அன்னைக்கு ரவிக்கை மாட்டி விட்டது யாருன்னு. அவிய பதிலே சொல்லல, பைக்க ஸ்டார்ட் பண்ணிட்டாவ.

தியேட்டர்ல எங்களையும் சேத்து பத்து பேரு இருந்தா அதிகம். ஒரே ஒரு ஷோ, அதுவும் வேலை நாள் மத்தியானம், இதப் போட்டா யாரு வருவான்னு நீ கேப்ப. நாலு வாரத்துல ஓடிடில வந்துரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, கூலியே ஆகஸ்ட் 14 வந்துட்டு செப்டம்பர் 11க்கு வீட்டுக்குள்ள வந்துருச்சு, தக் லைஃப் எட்டு வாரம் கழிச்சுத்தான்னு சொல்லிட்டு அதுவும் நாலு வாரத்துல வந்துச்சு. பொறவு எவன் அங்கம்மாளுக்கு டிக்கெட் எடுப்பான்? 100 ரூவாக்குள்ள உள்ள டிக்கெட்டுக்கு வரிய அஞ்சு பர்சன்ட் ஆக்கிட்டாங்கன்னு பேப்பர்ல போட்டாங்க, பாப்கார்ன் வெலைய யாரு கொறைப்பா. நான் வீட்டுலருந்து முறுக்கு மடியில கட்டிட்டுத்தான் போறேன், நீ மானத்த வாங்காதம்மான்னு சொல்லுவ, சொல்லிக்கோ.

வாழையும் பாக்கலைன்னா பாரு, ஆனா ராத்திரி பாக்காத, சாப்புடுததுக்கு முன்னாடியும் பாக்காத. கடைசில அந்த பசிச்ச பயலும் அவன் அம்மாவும் வருத எடத்துக்கு அப்புறம் ரெண்டு நாளு எனக்கு சோறு எறங்கல. ஒங்கப்பாவுக்கு பைசன்தான் ஒசத்தி, கபடிக்காரர் மணத்தி கணேசன் கதைய வச்சு எடுத்த படம். மணத்தி கணேசன் 1994ல ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்குனப்ப இங்க என்ன நடந்துச்சுன்னு அவிய ஒரு மணி நேரம் சொல்லுவாவ, நீயே போன் போட்டு கேட்டுக்கோ. பசுபதி நடிப்பு பத்தி மட்டும் எங்களுக்குள்ள சண்டை இல்ல.

தலைவன் தலைவிய நீ விட்டுறலாம், படம் முழுக்க புருசன் பொண்டாட்டி கத்தல், அதுக்கு நம்ம தெருவுல ஜன்னல தொறந்து வச்சாப் போதும்.

அங்கம்மாள மொதல்ல பாரு. ஒங்க ஊர்ல எதுல வருதுன்னு தேடி எடு. மருமவளையும் பக்கத்துல வச்சுக்கிட்டு பாரு, பாதில போன எடுத்து நோண்டாத. பாத்துட்டு அவ அங்கம்மா கட்சியா, அந்த வீட்டு மருமவ கட்சியான்னு எனக்கு தனியா மெசேஜ் போடச் சொல்லு. நீ எட்டிப் பாக்கக் கூடாது.

அம்மா