இடது கை

அன்புள்ள தம்பிக்கு,

படம் வந்தது. மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வராமல் "வேலை அதிகம்மா" என்று ஒரு வரி மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவன், கேட்டவுடன் படம் அனுப்பினாயே, சந்தோஷம். நீ மெலிந்துவிட்டாய் என்கிறார் அப்பா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலைக்குப் போக 9, வர 9 என்று தினமும் 18 கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பவனுக்கு முகம் கொஞ்சம் வற்றத்தான் செய்யும். நான் வண்டியைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பிரேக்கைப் பார். மறந்துவிடக் கூடாது என்று இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

சீட் உனக்குத் தாழ்வு. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கும். அதுதான் உன் உயரம். தாழ்வாக வைத்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், ரொம்பத் தூக்கினால் பின்பக்கம் வலிக்கும். சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருப்பான், அது வெளியே தெரிகிற அளவுக்குத் தூக்காதே.

காற்றை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு "இருக்கு" என்று கிளம்பும் பழக்கம் இன்னும் இருக்கிறதா? விரல் பொய் சொல்லும். பஞ்சரே இல்லாவிட்டாலும் டியூப் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டுக்கொண்டேதான் இருக்கும், அதனால் வாரம் ஒருமுறை மீட்டர் உள்ள பம்பால் அடி. டயரின் பக்கவாட்டில் எதிலிருந்து எதுவரை அடிக்கலாம் என்று அச்சடித்திருக்கும். அந்த அளவுக்குள், உன்னுடைய 35 மில்லிமீட்டர் டயருக்கு, உன் எடைக்கு, பம்ப் மீட்டர் காட்டும் பிஎஸ்ஐ என்ற காற்றழுத்த அளவில் முன்னே 50, பின்னே 55 என்று ஆரம்பி. பாரத்தைச் சுமப்பது பின்சக்கரம். காற்றுக் குறைவாக இருந்து குழியின் விளிம்பில் ஏறினால் ரிம்முக்கும் குழிக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அப்படி விழுந்தால் குறை காற்றில்தான். ஒரே ஓட்டை என்றால் குத்திய பொருள் டயருக்குள் இன்னும் இருக்கலாம். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் போய்விடும். டயரை மாட்டும்போது அதில் எழுதியிருக்கும் பெயரை வால்வுக்கு நேராக வைத்து மாட்டு. டியூபில் வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி ஓட்டையோ, டயரிலும் அதே தூரத்தில் தேடினால் போதும். வெறும் விரலால் தடவாதே, துணியால் தடவு. கண்ணாடிச் சில்லு இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும்.

காலையில் வழியில் உட்கார்ந்து ஒட்டுப் போடாதே. டியூபை மாற்றிவிட்டுப் போ, ஒட்டை இரவில் வீட்டில் போடு. சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்துவிடுகிறாய், அதனால்தான் உனக்கு ஒட்டு நிற்பதில்லை. பளபளப்புப் போய் மங்கும்வரை பொறுத்திரு, அப்புறம் அழுத்து. ஒரு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, சின்ன பம்ப், 4, 5, 6 மில்லிமீட்டர் அலன் கீ (ஆறுமுகத் திருகு திருப்பும் சாவி), ஒரு ஜோடி பழைய கையுறை. இவ்வளவும் சீட்டுக்கு அடியில் தொங்கும் பைக்குள் அடங்கும்.

செயினைப் பற்றி உன்னிடம் எத்தனை தடவை சொல்வது? படத்திலேயே தெரிகிறது, கறுப்பாக எண்ணெயில் மிதக்கிறது. எண்ணெய் வேண்டியது செயின் கண்ணிகளின் நடுவில் சுற்றும் உருளைக்கு உள்ளே. வெளியே நிற்கும் எண்ணெய் தூசியைப் பிடித்து அரைக்கும் பசையாகி செயினையும் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்னும். முதலில் துணியால் அழுத்தித் துடை. ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விடு, பெடலைப் பின்னோக்கி முப்பது சுற்று சுற்று, பத்து நிமிடம் விட்டுவிட்டு வெளியே இருப்பதையெல்லாம் துடைத்து எடு. உன் ஓட்டத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், மழையில் நனைந்தால் அன்றைக்கே. தேய்ந்துவிட்டதா என்று பார்க்க அளவுகோல் ஒன்று போதும். ஒரு ஆணியிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் ஆணிவரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் செயினை மாற்று. மூன்று மில்லிமீட்டர்வரை விட்டுவைத்தால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

முதுகுப் பையை விட்டுவிட்டு கேரியரில் பக்கப் பை மாட்டியிருக்கிறாய், அது நல்ல வேலை. முதுகு வேர்க்காது, பாரமும் கீழே இறங்கும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக மிதி, அலுவலகத்துக்குள் போனபின் கொட்டும் வேர்வை பாதியாகும். எதிர்காற்று அடிக்கும் நாளில் வேகத்தோடு சண்டை போடாதே. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். கியரைக் குறைத்து, பெடல் ஒரு நிமிடத்துக்கு 70, 80 சுற்று சுற்றும்படி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் தாமதமாகப் போ. காற்று பின்னாலிருந்து தள்ளும் சாயங்காலங்களும் வரும். வாகன நெரிசலில் யாரும் உன்னை நிறுத்த முடியாது, புறப்பட்ட நேரத்தை வைத்தே போய்ச்சேரும் நேரத்தைச் சொல்லிவிடலாம், ஒரு நாள் உட்கார்ந்தே போனால் உடம்பு ஏங்கும். இதெல்லாம் உனக்கே தெரியும். அப்பா காரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அவன் போகிற மாதிரி ஒழுங்காக யார் வேலைக்குப் போகிறார்கள்?" என்று நான்தான் வாயை அடைக்கிறேன்.

பிரேக்கைப் பார்த்தாயா?

நீ இருக்கும் இடத்தில் வண்டிகள் வலப்பக்கமாகப் போகின்றன. உனக்குக் கழுத்து வலப்பக்கம் திரும்பித்தான் பழக்கம். அங்கே பின்னால் வருகிறவன் உன் இடது தோளுக்குப் பின்னால் வருவான். கண்ணாடியை இடது பக்கம் மாட்டு, ஆனாலும் விலகுவதற்குமுன் தலையைத் திருப்பிப் பார். நிறுத்திவைத்த கார்களை ஒட்டிப் போகாதே, கதவு திறக்கும் அகலம் ஒரு மீட்டருக்கு மேல் விட்டுப் போ. லாரி வலப்பக்கம் திரும்பப்போகிறது என்றால் அதன் வலப்பக்கச் சந்தில் நுழையவே நுழையாதே. முன்னால் இடம் இருப்பதுபோல் தெரியும், ஆனால் அது திரும்பும்போது பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். தண்டவாளம் குறுக்கே வந்தால் முடிந்தவரை நேர்குறுக்காகக் கட, சாய்வாகப் போனால் டயர் பள்ளத்தில் இறங்கிவிடும். ஈரத்தில் வெள்ளைக்கோடு, சாக்கடை மூடி, உதிர்ந்த இலை எல்லாமே வழுக்கும். அவற்றின்மேல் திரும்பவும் வேண்டாம், பிரேக் பிடிக்கவும் வேண்டாம்.

வண்டி எங்கேயாவது விழுந்தது என்று வைத்துக்கொள். நிறுத்திவைத்த இடத்தில் காற்றில் சரிந்திருக்கலாம், யாராவது தட்டிவிட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. படத்தில் வலது கைப்பிடி ரப்பரின் நுனி கிழிந்திருக்கிறது, பிரேக் பிடி வானத்தைப் பார்க்கிறது, முன் மட்கார்டு ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. அதனால் சொல்கிறேன்.

விழுந்த வண்டியைப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் உள்ள இடைவெளியைப் பார். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் கோட்டம் எடுக்க வேண்டும். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசை. ஹேண்டிலின் கழுத்தில் 'டக்' என்று தட்டினால் அங்கே லூஸ். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பின்பக்கத்தில் விரலை ஓட்டு, பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் ஓட்டாதே. அலுமினிய ஹேண்டில்பார் வளைந்திருந்தால் நிமிர்த்தாதே, மாற்று. அது சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். வலப்பக்கம் விழுந்திருந்தால் பின்னால் நின்று கியர் மாற்றியைப் பார். உள்ளே சாய்ந்திருந்தால், சரிசெய்யும்வரை பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றாதே, சக்கரக் கம்பிக்குள் போய்ச் சக்கரத்தையே நிறுத்திவிடும். ஹெல்மெட் ஒருமுறை அடி வாங்கியிருந்தால் அதன் வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் நுரை நசுங்கித்தான் தலையைக் காக்கிறது, நசுங்கியது திரும்ப எழும்பாது. வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் புதிது வாங்கு.

ஆளும் அப்படித்தான். விழும்போது யாரும் உள்ளங்கையைத்தான் ஊன்றுவார்கள். கட்டைவிரலை விரித்து மேலே தூக்கினால் மணிக்கட்டுப் பக்கத்தில் ஒரு குழி தெரியும். அந்தக் குழியை அமுக்கினால் வலிக்கிறதென்றால் வெறும் சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. அங்கே இருக்கும் சின்ன எலும்பில் விரிசல் விழுந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும். பொதுவாகத்தான் சொல்கிறேன். படத்தில் உன் இடது கை ஜாக்கெட் பைக்குள் இருக்கிறது. குளிராக இருந்திருக்கும்.

தம்பி, பிரேக்கைப் பார், பிரேக்கைப் பார் என்று நான் எழுதுவதற்குக் காரணம் வண்டி இல்லை. நான் உனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"இடது கையை மட்டும் பிடி, வலது கையைத் தொட்டால் குப்புற விழுவாய்" என்று சொன்னது நான்தான். அந்த நீலச் சின்ன சைக்கிளில் முன் பிரேக் ஒயரையே கழற்றி வைத்ததும் நான்தான். அக்காவுக்கு இரண்டு கையையும் சொல்லிக்கொடுத்தேன். நீ மேட்டிலிருந்து காலை விரித்துக்கொண்டு இறங்குகிறவன் என்பதால் உனக்கு மட்டும் ஒரு கை. அதே நாட்களில் நான் இரண்டு பிரேக்கையும் பிடித்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் பயத்தைப் பாடம் என்று உனக்குக் கொடுத்தேன். பெரியவனானபின் "அது குழந்தைக்குச் சொன்னது, மாற்றிக்கொள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ இடது கையை மட்டும் பிடித்து ஒழுங்காக ஓட்டுவதைப் பார்த்துப் பெருமைதான் பட்டேன்.

இப்போது இருக்கும் ஆபத்தைக் கேள். வண்டிகள் இடப்பக்கம் போகும் நாடுகளில் பெரும்பாலும் வலது கையில் முன் பிரேக், இடது கையில் பின் பிரேக் இருக்கும். வலப்பக்கம் போகும் நாடுகளில் பெரும்பாலும் நேர்மாறு. ஒரு கையால் சைகை காட்டும்போது மற்றக் கையில் பின் பிரேக் இருக்கட்டும் என்பதுதான் இதற்குச் சொல்லும் காரணம். அப்படியென்றால் உன் வண்டியில் இடது கை முன்சக்கரத்தைப் பிடிக்கும். அவசரத்தில் உன் கை எதைத் தேடிப் போகும் என்று எனக்குத் தெரியும். முழுப் பலத்தையும் போட்டு இறுக்கும், ஏனென்றால் பின் பிரேக் அப்படி இறுக்கினால்தான் நிற்கும்.

முன் பிரேக் எதிரி இல்லை. பிரேக் பிடித்தவுடன் பாரத்தில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்குச் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிவிடுவதால் அதை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கிக்கொண்டுதான் போகும். காய்ந்த சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் முன் பிரேக்கைச் சரியாகப் பிடித்தால் மூன்றரை மீட்டருக்குள் நிற்கலாம், பின் பிரேக்கை மட்டும் நம்பினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். கண் பார்த்து விரல் அசைவதற்குள் ஐந்து மீட்டர் போய்விடுவது தனி. குப்புறத் தள்ளுவது திடீரென்று ஒரே பிடியாக இறுக்குவதும், கையை ஊன்றாமல் உடம்பை முன்னால் விடுவதும்தான்.

இன்று இரவே பிரேக் பிடியிலிருந்து ஒயரைக் கண்ணால் தொடர்ந்து போ, எந்தக் கை எந்தச் சக்கரம் என்று வாய்விட்டுச் சொல். ஒயரை மாற்றி மாட்டி ஊர்ப் பழக்கத்துக்குக் கொண்டுவரலாமே என்பாய். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் வேண்டாம். அங்கே வேறு யாருடைய வண்டியில் ஏறினாலும் மறுபடியும் இதேதான் நடக்கும். கையை மாற்று. காலியான இடத்தில் 10 கிலோமீட்டர் வேகத்தில் போ. இடுப்பைச் சீட்டின் பின்னுக்குத் தள்ளு, முழங்கையை ஊன்று, முன் பிரேக்கை ஒரே ஒரு விரலால் பிழியத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டு. பின் டயர் வழுக்கினாலோ தூக்கினாலோ முன் பிடியை உடனே கொஞ்சம் தளர்த்து. தினம் இருபது தடவை, இரண்டு வாரம். அப்புறம் வேகத்தைக் கூட்டு. திருப்பத்துக்குள் நுழையுமுன்பே பிடித்து முடித்துவிடு. மழையில் ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைக்கவே கட்டைக்கு இரண்டு சுற்று வேண்டும், அதாவது நான்கு மீட்டருக்கு மேல் வண்டி சும்மா ஓடும். அதனால் முன்கூட்டியே லேசாகத் தொட்டுக்கொண்டே வா. பிடியை முழுக்க அழுத்தினால் ஹேண்டிலைத் தொடக் கூடாது. தொட்டால் ஒயரின் நுனியில் உள்ள திருகை வெளிப்பக்கம் சுற்றி இறுக்கு. கட்டையிலுள்ள பள்ளம் தேய்ந்து மறைந்திருந்தால் புதுக் கட்டை போடு.

கைக்கு என்ன என்று சரியாகத் தெரியும்வரை இதெல்லாம் வேண்டாம். பஸ்ஸில் போ. ஒரு மாதம் பஸ்ஸில் போனால் சைக்கிள்காரன் என்ற பெயர் போய்விடாது.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. முன் பிரேக் கட்டையைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. இடது கையால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எடு.

அம்மா