பூமிக்குள் சட்டக் காந்தம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் கோள்களின் காந்தப்புலம் பற்றி வெளிவந்த கட்டுரையை, கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஆவலோடு படித்தேன். ஆனால், பூமியின் வயிற்றில் ஒரு சட்டக் காந்தம் கிடப்பதாக வரைந்த படத்தையும், நடுவே உள்ள இரும்பு ஒரு நிலைக்காந்தம் (காந்தத் தன்மையைத் தானே நிலையாக வைத்திருக்கும் பொருள்) என்ற வரியையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. பிள்ளைகள் மனத்தில் பதிந்த படத்தை அழிப்பது எவ்வளவு கடினம் என்பதை வகுப்பறையில் கண்டவன் நான்.

இதை விளக்கவே மாணவர்களை ஊரிலிருந்த கொல்லுப் பட்டறைக்கு அழைத்துச் செல்வேன். தேயிலைக் கவாத்துக் கத்தி உலையில் செக்கச்செவேலெனப் பழுத்திருக்கும்போது, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி அருகே தொங்கவிட்டால் அது அசையாது. கத்தியை வெளியே எடுத்து, அதன் சிவப்பு மங்கத் தொடங்கியதும் அதே காந்தம் வெடுக்கென்று அதன் பக்கம் இழுபடும். ஏறத்தாழ 770 டிகிரி செல்சியசுக்கு மேல் இரும்பு தன் காந்தத் தன்மையை இழந்துவிடுகிறது. பூமியின் நடுப்பகுதியிலோ வெப்பம் 5,000 டிகிரியைத் தாண்டுகிறது. அங்கே நிலைக்காந்தம் எப்படி இருக்க முடியும்?

உண்மையில், சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் வெளிக்கருவத்தில், அதாவது பூமியின் மையக் கருவத்தின் வெளி அடுக்கில், உருகிய இரும்பு, வெப்பச்சலனத்தால் ஓயாமல் புரண்டுகொண்டிருக்கிறது. மின்சாரத்தைக் கடத்தும் அந்தக் குழம்பின் ஓட்டம், பூமியின் சுழற்சியால் முறுக்கப்பட்டு, டைனமோவைப் போல் காந்தப்புலத்தைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது.

வெள்ளிக்குச் சொந்தக் காந்தப்புலம் இல்லாததற்கு அதன் மந்தமான சுழற்சி ஒன்றையே கட்டுரை காரணமாகச் சொல்வதும் போதாது. புதனும் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 59 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. ஆயினும் பூமியுடையதில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு அதற்குக் காந்தப்புலம் உண்டு. கருவத்திலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறிக் குழம்பைப் புரட்டுகிறது என்பதும் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கிறது. செவ்வாயில் அந்த டைனமோ சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது என்றாலும், அதன் தென்பகுதிப் பாறைகளில் பழைய காந்தம் இன்னும் உறைந்திருக்கிறது. ஆகவே அங்கே காந்தமே இல்லை என்று எழுதியதும் சரியன்று.

பூமியின் காந்தப்புலம் விண்வெளிக் கதிர்களைத் தடுக்கும் கவசமாக இருப்பதற்கு எடுத்துக்காட்டுத் தேடி வெளிநாடு போயிருக்கவும் வேண்டாம். உதகை அருகே முத்தோரையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியனிலிருந்து வீசப்பட்ட பிளாஸ்மா (மின்னேற்றத் துகள்கள்) மேகம் 2015 ஜூன் 22 அன்று பூமியைத் தாக்கியபோது, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதிப் பிறக்கும் மியூவான் என்ற நுண்துகள்களைப் பதிவு செய்யும் அங்குள்ள தொலைநோக்கி சுமார் இரண்டு மணி நேரத்துக்கு வழக்கத்தை மீறிய மியூவான் வரவைப் பதிவு செய்தது. கவசம் தற்காலிகமாக நலிந்து கூடுதல் காஸ்மிக் கதிர்களை உள்ளே விட்டதே காரணம் என்று அக்குழுவினர் 2016-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். நம் மலையில் நடந்த இந்த வேலையைத் தமிழில் படிக்கும் பிள்ளைகள் அறியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

அடுத்த மாணவர் பக்கத்திலேயே, வெளிக்கருவத்தின் ஓட்டத்தைக் காட்டும் சரியான படத்துடன் திருத்தம் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.