மன்றாட்டில் எங்கள் லயத்தின் பெயரும் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

மூணாறு மலையில் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் வரிசை வீட்டில் பிறந்து, நம் கோயிலில் திருமுழுக்கும் புதுநன்மையும் பெற்றவள் நான். நேரில் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் இது நம் ஒரு பங்கின் காரியமாக மட்டும் எனக்குத் தெரியவில்லை. இந்த மலைகளில் தமிழில் பூசை காண்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

போன மாதம், ஞாயிறு பூசையில் வாசிக்கும் மன்றாட்டை எழுதும் முறை எங்கள் அன்பியத்துக்கு, அதாவது பக்கத்து வீட்டார் சேர்ந்து ஜெபிக்கும் எங்கள் சிறு குழுவுக்கு வந்தது. திருச்சபைக்கு ஒன்று, நாட்டை ஆள்பவர்களுக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று என்று வழக்கம்போல எழுதிவிட்டு, கடைசியாக ஒன்று சேர்த்தேன். வேலை ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்ய வேண்டிய எங்கள் அம்மாக்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு கிடைக்க வேண்டும் என்ற மன்றாட்டு அது. சனிக்கிழமை மாலை பேரவையைச் சேர்ந்த ஒருவர் தாளை வாங்கிப் படித்தார். அந்த வரியைப் பேனாவால் அடித்தார். "கோயில்ல அரசியல் வேண்டாம்மா" என்று சொல்லி, அதன் மேலேயே "உலக சமாதானத்துக்காக" என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அதையே வாசித்தேன். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுவதும் சொன்னது. எங்கள் அன்பியத்து அம்மா ஒருவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். எந்த மன்றாட்டைக் கேட்டருளும் என்று அவர் ஆண்டவரிடம் சொல்லியிருப்பாரோ, அது அந்தத் தாளில் அடிபட்டுக் கிடந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அடித்தவர் கெட்டவர் இல்லை. கோயில் சண்டைக்களமாகிவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் சமாதானம் என்றால் யாரும் வாய் திறக்காமல் இருப்பது என்று நம் திருச்சபை எங்கே சொல்லியிருக்கிறது? உழைப்பவர் குடும்பம் பிழைக்கக் கூலி போதவேண்டும் என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891லேயே சுற்றுமடல் எழுதினார். ஜனவரி 1ஐ உலக சமாதான நாளாக 1968 முதல் கொண்டாடச் சொன்ன 6ஆம் பவுல், 1972ஆம் ஆண்டு அந்த நாளுக்குக் கொடுத்த தலைப்பே, சமாதானம் வேண்டுமானால் நீதிக்காக உழையுங்கள் என்பதுதான்.

பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். என் பக்கத்தில் நிற்கும் அக்கா என்னைப் பார்த்துக் கைகூப்புகிறார். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு. அந்தக் கைக்குப் போதிய கூலி இல்லை என்று தெரிந்துகொண்டே நான் "சமாதானம்" என்று சொல்கிறேன்.

2015 செப்டம்பரில் என் அம்மா மூணாறு ரோட்டில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தினக்கூலி 232 ரூபாய். சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பெண்களே பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டு ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அப்புறம் நடந்த கூலிப் போராட்டத்தில் கேட்டது 500, கிடைத்தது 301. அம்மா மடியில் ஜெபமாலை. தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்திருந்தவர் நெற்றியில் திருநீறு. அந்த ஒன்பது நாளுக்குள் செப்டம்பர் 8ஆம் தேதி வந்தது. மாதா பிறந்த நாள். வலியவர்களை அரியணையிலிருந்து இறக்கித் தாழ்ந்தவர்களை உயர்த்தினார் என்று கடவுளைப் பாடிய மாதாவுக்கு நாம் இங்கே திருவிழாப் பூசை வைத்தோம். ரோட்டில் இருந்த அவள் பிள்ளைகளுக்காக ஒரு மன்றாட்டுகூட வைக்கவில்லை. அம்மா அதைப் பற்றிக் குறை சொன்னதே இல்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

அன்று கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியில், லைப்சிக் நகரத்து நிக்கோலாய் என்ற லூதரன் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சாயங்காலம் சமாதானத்துக்காக ஜெபித்தார்கள். ஆரம்பத்தில் சின்னக் கூட்டம்தான். கதவை எல்லாருக்கும் திறந்து வைத்தார்கள், கோயிலுக்கே வராதவர்களும் வந்தார்கள். 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்து வெளியே வந்தபோது அந்த ஆட்சியை எதிர்த்து ஊரில் திரண்டவர்கள் சுமார் 70 ஆயிரம் பேர். ஒரு துப்பாக்கிகூடச் சுடவில்லை. ஒரு கையில் மெழுகுவர்த்தி, அது அணையாமல் மறைக்க இன்னொரு கை, கல் எடுக்கக் கை ஏது என்று அந்த ஆலயத்துப் போதகர் பின்னாளில் சொன்னார். அவர்கள் கும்பிட்டதும் நம் ஆண்டவரைத்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆகஸ்ட் 6 ஆண்டவர் மலைமேல் உருமாறிய விழா. 2020இல் அதே நாள் இரவில்தான் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள். நான்கு பேரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள், வேறு மதத்தவரும் உண்டு. மலையில் கூடாரம் போட்டு இங்கேயே தங்கிவிடலாம் என்றார் பேதுரு. இயேசுவோ இறங்கி வந்தார். அடிவாரத்தில் பிள்ளைக்காக ஒரு தகப்பன் அழுதுகொண்டிருந்தான். இந்த வருஷம் அந்த விழாவின் சாயங்காலம் நாம் எல்லாரும் அவர்களை அடக்கம் செய்த ராஜமலைக் கல்லறைக்குப் போவோம். நீங்கள் முன்னால் நடங்கள், ஃபாதர். நம் ஆட்கள் மட்டும் என்று இல்லாமல் எல்லா வீட்டாரையும் கூப்பிடுவோம்.

அடுத்த முறை எங்கள் அன்பியத்துக்கு வரும்போது இதைத்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். தயவுசெய்து அடிக்காமல் விடுங்கள்:

"வாழ்நாள் முழுவதும் கொழுந்து எடுத்து, ஓய்வு பெற்ற நாளில் வீடும் இல்லாமல் போகிற எங்கள் அம்மாக்களுக்குச் சொந்த மண்ணும் சொந்தக் கூரையும் கிடைக்கவும், அதற்காக அவர்களோடு சேர்ந்து கேட்கும் துணிவை எங்கள் பங்குக்குத் தரவும் வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
மூணாறு