மிக்சருக்கு மட்டும் கியர்

அன்புள்ள குமார்,

காலில் கட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. படுத்த படுக்கையில் மகனோடு சேர்ந்து மைன்கிராஃப்ட் ஆடத் தொடங்கிவிட்டாயாமே! இங்கேயும் அதே கூத்துதான். மகள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அவள் விட்டுப்போன உலகத்துக்கு நான்தான் வாட்ச்மேன்.

ஆட்டத்துக்குள் மெஷின் கட்டவிடும் கிரியேட் என்ற கூடுதல் இணைப்பை (மோட்) போட்டாயிற்று, மெஷினை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். முதலில் ஆண்டிசைட் கல்லைச் சேர்த்து வை. சுரங்கத்தில் குப்பை என்று தூக்கி எறிவோமே, அதேதான். இரண்டு ஆண்டிசைட்டும் இரண்டு இரும்பு நகெட்டும் (சின்னத் துண்டு) சேர்ந்தால் ஒரு அலாய், அதாவது கலவை உலோகம். ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டு, பல்சக்கரம் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. அடுத்து, ஓடுகிற தண்ணீரில் ஒரு வாட்டர் வீல். கரண்ட் வேண்டாம், கரியும் வேண்டாம். எல்லாம் சுழற்சிதான், பாலிடெக்னிக்கில் படித்தவனுக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

அப்படி நினைத்துத்தான் நான் மாட்டிக்கொண்டேன். நான் ஆடும் 0.5.1 பதிப்பில் சின்ன வாட்டர் வீல் நிமிடத்துக்கு 8 சுற்று சுற்றும், 256 சுமை தாங்கும். அந்த வேகத்தில் அரைக்கிற மில்ஸ்டோன் 32 சுமை இழுக்கும், தகடு அடிக்கிற பிரஸ் 64. இரண்டும் சமர்த்தாக ஓடின. பொருள்களைக் கலக்குகிற மிக்சர் மட்டும் 8 சுற்றுக்கு அசைய மாட்டேன் என்றது. அதற்கு 30 வேண்டும். பெரிய பல்சக்கரத்திலிருந்து சின்னதுக்குக் கொடுத்தால் வேகம் இரட்டிப்பாகும் அல்லவா? இரண்டு தடவை அப்படிக் கொடுத்து 32 ஆக்கினேன். அந்தக் கியரை எங்கே வைத்தேன் என்கிறாய்? வீலை ஒட்டியே! மூன்று மெஷினும் சேர்ந்து 32-க்கு ஏறிவிட்டன.

வேகம் நாலு மடங்கானால் இழுக்கிற சுமையும் நாலு மடங்கு. மிக்சர் 128, மில்ஸ்டோன் 128, பிரஸ் 256. நீயே கூட்டிக்கொள். மொத்தப் பட்டறையும் கப்சிப். வெடிக்கவில்லை, உடையவில்லை, சும்மா நின்றுவிட்டது. ஓவர்ஸ்ட்ரெஸ், அதாவது சுமை மீறிவிட்டது என்று எழுத்து வேறு வந்தது. நான் தண்ணீர்தான் போதவில்லை என்று நினைத்து ஒரு சாயங்காலம் முழுக்க வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கியரை மிக்சருக்குப் போகிற கிளைக்கு மாற்றினேன். மற்ற இரண்டும் பழைய 8 சுற்றிலேயே. 128, 32, 64, ஆகமொத்தம் 224. இன்றுவரை நிற்கவில்லை.

ஆகவே பிரஸ் கிடைத்ததும் முதல் வேலையாகத் தங்கத்தைத் தகடாக அடித்து இன்ஜினியர் கண்ணாடி செய்துகொள். மாட்டிக்கொண்டு பார்த்தால் எந்த மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று எண்ணிலேயே காட்டும். ஒரு பொருள் புரியவில்லை என்றால் அதன்மேல் மவுஸை வைத்து டபிள்யூ எழுத்தை அழுத்திப் பிடி, ஓட்டியே காட்டிவிடும். எனக்கு இது தெரிந்ததே போன வாரம்தான்.

வாய்க்கால் விஷயம் உன் மகன் காதுக்குப் போக வேண்டாம். அவன் என் மகளிடம் சொல்லிவிடுவான்.

பொங்கலுக்கு வருவாய்தானே? லேப்டாப்பையும் எடுத்து வா.

அன்புடன்,
ரவி