சிற்றாலயத் திருப்பணி நிறைவு அறிக்கை: வால்பாறை எஸ்டேட் கிளைப்பங்கு

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

நம் சிற்றாலயத்தின் திருப்பணி நிறைவடைந்தது. பங்குத்தந்தை மாதம் ஒரு ஞாயிறுதான் நம் எஸ்டேட்டுக்கு வர முடிகிறது. தென்மேற்குப் பருவத்தில் மரம் விழுந்து பாதை அடைபட்டால் அதுவும் தள்ளிப்போகிறது. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் (மறைக்கல்வி கற்பிக்கும் பொதுநிலையினர்) நடத்தும் இறைவார்த்தை வழிபாடு தடையின்றி நடக்க என்ன தேவையோ அதை முதலில் எடுத்தோம். முகப்புக் கோபுரத்தை உயர்த்தும் யோசனையைக் கைவிட்டதும் இதனால்தான்.

கூரைக்கே அதிக நாள் பிடித்தது. பழைய தகரம் ஒழுகியதற்குத் துருவைவிட ஆணிதான் காரணம். ஆணியைத் தகட்டின் பள்ளத்தில் அறைந்திருந்தார்கள். மழைநீர் ஓடும் வழியே அதுதான். இப்போது 12 அடி நீளக் கலர் ஷீட் 24 போட்டிருக்கிறோம், சரிவுக்குப் பன்னிரண்டு. முகட்டிலிருந்து இறவாணம் வரை ஒரே தகடு என்பதால் குறுக்கே இணைப்பே இல்லை. திருகாணி எல்லாம் மேட்டில், ரப்பர் வாஷரோடு. வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் ஒரே கோடையில் வெடித்துவிடும். லேசாக அமுங்கினால் போதும். கிழக்குக் கோடியில் தொடங்கி மேற்கு நோக்கி ஷீட் போட்டோம். இப்படிப் போட்டால் பக்கவாட்டு இணைப்பின் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும், சாரல் உள்ளே ஏறாது. ஓடு வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். சிங்கவால் குரங்குகள் ஓடுகளை நகர்த்திவிட்டால் யாரும் கவனிப்பதற்குள் ஒரு மழை உள்ளே இறங்கிவிடும்.

தகரத்தில் பெருமழை விழுந்தால் வாசகம் மூன்றாம் வரிசைக்குக்கூடக் கேட்காது. அதற்காகத் தகட்டுக்கு அடியில் கண்ணாடிப் பஞ்சு விரித்து உட்கூரை அடித்தோம். மின்சாரம் இரண்டு நாள் போனாலும் மைக் வேலை செய்யும்படி 12 வோல்ட் ஆம்ப்ளிஃபயரும் சோலார் பேட்டரியும் வைத்திருக்கிறோம். அந்தப் பேட்டரியில் செல்போன் சார்ஜ் போடாதீர்கள்.

பீடப்பகுதியில் ஒரு மாற்றம். குரு இல்லாத ஞாயிறுகளில் வழிபாட்டை நடத்தும் பொதுநிலையினர் குருவின் இருக்கையில் அமரக்கூடாது என்பது 1988-இல் உரோமை தந்த வழிகாட்டுதல். ஆகவே உபதேசியாருக்குப் பீடப்பகுதிக்கு வெளியே தனி இருக்கை. வாசக மேடை பலா மரத்தில் செய்தது.

நற்கருணைப் பேழை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தை வைக்கும் பெட்டி) ஏன் வைக்கவில்லை என்று அன்பியக் கூட்டங்களில், அதாவது அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் கூட்டங்களில், கேட்டீர்கள். மனத்தாங்கல் நமக்கும் உண்டு. நற்கருணை வைக்கும் இடத்தில் அதைக் காக்க எப்போதும் ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். இயன்றவரை மாதம் இருமுறையாவது அங்கே திருப்பலி நடக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 934. சிற்றாலயம் என்றால் ஆயரின் அனுமதியும் தேவை. இரவில் ஆள் இல்லாத, பாடியிலிருந்து (தொழிலாளர் குடியிருப்பிலிருந்து) தள்ளி நிற்கும் நம் ஆலயத்துக்கு இது இப்போது பொருந்தாது. பேழைக்கான மாடத்தைச் சுவரில் கான்கிரீட்டில் கட்டி மூடி வைத்திருக்கிறோம். மாதம் இரண்டு திருப்பலி அமையும் நாளில் சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

சக்ரீஸ்தில் (வழிபாட்டுப் பொருள்கள் வைக்கும் அறையில்) பாதிப்பு ஈரத்தால்தான். அப்பம் திறந்திருந்தால் இரண்டு நாளில் நமுத்துப்போகும். பிட்டால் முறியாமல் வளையும், பிறகு பூசணம் பிடிக்கும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஒரு திருப்பலிக்கு வேண்டியதை மட்டும் பங்கிலிருந்து வாங்குங்கள். திராட்சை இரசமும் சின்ன புட்டியாக இருக்கட்டும். திறந்த பெரிய புட்டி அடுத்த மாதத்துக்குள் காடியாகிவிடும், அதைத் திருப்பலிக்குப் பயன்படுத்தக்கூடாது. வாசக நூல்கள் சுவரை ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளிய அலமாரியில் இருக்கின்றன. திருமேனித்துகிலை (திருப்பலியில் அப்பமும் கிண்ணமும் வைக்கும் துணியை) முதலில் அலசும் நீர் சாக்கடைக்குப் போகாமல் மண்ணுக்கே போக, சிறு தொட்டியிலிருந்து தனிக் குழாய் இறக்கி, மூன்றடிக் குழியில் ஜல்லி நிரப்பியிருக்கிறோம். அதில் கை கழுவ வேண்டாம்.

அரிசி, உப்பு, வெல்லம் எதையும் ஆலயத்துக்குள் ஓர் இரவுகூட வைக்காதீர்கள். வாடை பிடித்தால் யானைக்குச் சுவர் ஒரு பொருட்டல்ல. திருவிழா அசனச் (பொது விருந்துச்) சாமான்கள் அன்றே பாடிக்குத் திரும்பிவிட வேண்டும்.

அவசரத் திருமுழுக்குக் கொடுப்பது எப்படி என்று லேமினேட் செய்த அட்டை ஒன்று கதவருகே தொங்குகிறது. குழந்தை உயிருக்குப் போராடும்போது குருவை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது. திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஓடும்படி ஊற்றிக்கொண்டே, ஊற்றுபவரே ‘தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்ற வாய்பாட்டைச் சொல்ல வேண்டும். ‘நான்’ என்பதை ‘நாங்கள்’ என்று மாற்றினால் திருமுழுக்குச் செல்லாது என்று 2020-இல் உரோமை தெளிவுபடுத்தியது. பிறகு பங்கு அலுவலகத்தில் தெரிவித்துப் பதிய வேண்டும். குழந்தை பிழைத்தால் விடுபட்ட சடங்குகள் மட்டும் ஆலயத்தில் நடக்கும், திருமுழுக்கு மறுபடி இல்லை.

நிலம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். நிர்வாகத்தின் எழுத்துமூல இசைவு பங்கு இல்லத்தில் இருக்கிறது. வரவுசெலவும் ரசீதுகளும் ஆலயப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. வடக்குப் பக்கத் தகரப் பீலி (கூரை நீரை ஏந்தி வடிக்கும் வாய்க்கால்) மட்டும் பாக்கி. மே மாதத்துக்குள் மாட்டாவிட்டால் நீர் அடித்தளத்தை அரிக்கும். அதற்கு இரண்டு ஞாயிறு மதியம் நான்கு பேர் வந்தால் போதும், ஏணி இருக்கிறது.

திருப்பணிக் குழு